மெல்லிய நேர்முடிக்கான சீப்புகள் (தில்லி)

மெல்லிய நேர்முடி என்பது, ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனில், சுருளோ நெளிவோ இல்லாமல் விழும் தலைமுடி. தலையில் முடி அடர்த்தியாக இருந்தாலும் இழை மெல்லியதாக இருக்கலாம். கடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள்; சீப்பு வாங்கும்போது இழையின் தடிமனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இத்தகைய முடி எளிதில் அறும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய் தடையின்றி நுனிவரை வழிந்துவிடுவதால் விரைவில் பிசுபிசுத்துத் தட்டையாகப் படிந்தும் விடும்.

தில்லியில் இதற்கு வானிலையின் தொல்லையும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட காற்றிலும், குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைகளிலும் பிளாஸ்டிக் சீப்பால் வாரினால் உராய்வில் நிலைமின்னூட்டம் உண்டாகிறது. சீப்புக்கு எதிர்மின்னூட்டமும் முடிக்கு நேர்மின்னூட்டமும் ஏறுகின்றன. ஒரேவகை மின்னூட்டம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு எழும்பி நிற்கும். கனமற்ற மெல்லிய இழைகளில்தான் இது மிகவும் தெரியும். கம்பளித் தொப்பியைக் கழற்றியவுடன் தலை சிலிர்த்து நிற்பதும் இதனால்தான். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறியதும் இத்தொல்லை தானே அடங்கிவிடுகிறது.

மரச்சீப்பிலும் கொம்புச் சீப்பிலும் மின்னூட்டம் குறைவு. கொம்புச் சீப்புக்குத் தில்லிவாசிகள் தொலைவில் தேட வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் நகரம் கொம்பு, எலும்புக் கைவினைக்குப் பெயர்பெற்றது. ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டத்தில் அம்மாவட்டத்துக்குரிய பொருளும் இதுவே. எருமைக் கொம்பும் மனித முடியும் கெராட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. ஆனால் கொம்பு தண்ணீரில் ஊறினால் வளைந்துவிடும். வேப்பமரச் சீப்பும் நல்லதே. அது பொடுகைப் போக்கும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பவேண்டாம். பொடுகில் மலசீசியா என்னும் பூஞ்சைக்குப் பங்குண்டு, அது சீப்புக்கு அடங்காது.

பொருளைவிட முக்கியமானது பல்லின் முடிப்பு. அச்சில் வார்த்த மலிவுச் சீப்பில், அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஒவ்வொரு பல்லிலும் மெல்லிய விளிம்பு நிற்கும். அது முடியின் மேற்செதில்களைச் சுரண்டும். தடித்த முடி தாங்கும், மெல்லிய முடி தாங்காது. பற்களை ரம்பத்தால் அறுத்து மெருகேற்றிய சீப்பில் இந்த விளிம்பு இராது. 1777-இல் தொடங்கிய இங்கிலாந்தின் கென்ட் நிறுவனம் இவ்வகைக்குப் பேர்போனது. சதர் பஜாரின் மொத்த விலைக் கடைகளில் சீப்பு குவிந்து கிடக்கும். அங்கே பல்லிடுக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் விட்டுவிடுங்கள்.

சீக்கியரின் சமய அடையாளங்களான ஐந்து ககரங்களில் ஒன்றான கங்கா என்னும் சிறு மரச்சீப்பைத் தில்லியின் குருத்வாராக்களை ஒட்டிய கடைகளில் காணலாம். வாரி முடித்த முடியை ஒழுங்குசெய்யவும் கொண்டையில் செருகவும் அது ஏற்றது. சிக்கெடுக்க அதன் நெருங்கிய பற்கள் உதவா. நம் பேன்சீப்புக்கும் இதே கணக்குத்தான்.

பிரஷ்களில், ரப்பர் மெத்தையில் பதித்த மென்மயிர் வகை மெல்லிய முடிக்குப் பொருந்தும். இங்கிலாந்தின் மேசன் பியர்சன் இவ்வகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புகழ்பெறச் செய்தது. அதில் வழக்கமாக இருப்பது காட்டுப்பன்றி மயிர். அதை விரும்பாதவர்கள் மென்மையான நைலான் வாங்கலாம். நுனியில் குமிழ் வைத்த கம்பிப் பிரஷில் ஒரு குமிழ் உதிர்ந்தாலும் தலைத்தோலைக் கீறும். உலோக உருளைப் பிரஷ் டிரையரின் சூட்டை வாங்கி முடிக்கே திருப்பித் தருவதால் அன்றாடத்துக்கு ஆகாது. நாளுக்கு நூறு முறை வார வேண்டும் என்ற பழைய அறிவுரை இவ்வகை முடிக்குக் கேடு: எண்ணெய் பரவிப் பிசுபிசுக்கும், இழையும் அறும்.

ஈரமுடி அதிகமாக நீளும், எளிதில் அறும். சுருள்முடியை ஈரத்தோடு வாரலாம். நேர்முடியை ஓரளவு உலரவிட்டு, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும். தில்லியின் தூசிக்கு வாரம் ஒருமுறையாவது சீப்பைக் கழுவுவது நல்லது. மரச்சீப்பையும் கொம்புச் சீப்பையும் ஊறவைக்காமல் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். வீட்டில் பிரஷ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அகலப்பல் மரச்சீப்பு ஒன்று இருந்தாக வேண்டும்.