வீரன் என்றொரு கப்பல்

திருச்சுழியில் உட்கார்ந்து கப்பலைப் பற்றி எழுதுவது சிரிப்புக்கு இடமாகலாம். குண்டாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான். ஊர்ப் பெயரில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. பிரளய வெள்ளம் சுழித்துப் பூமிக்குள் இறங்கிய இடம் என்கிறது தலபுராணம். ஆனாலும் 1783இல் கூடலூர்க் கடலில் பீரங்கிகள் ஓய்ந்தபோது, அந்த ஓய்வின் விலையைக் கொடுத்தது இந்த வறண்ட சீமைதான்.

கப்பலின் பெயர் ‘எரோ’. பிரெஞ்சில் வீரன் என்று பொருள். 1778இல் டூலோன் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டது. எழுபத்துநான்கு பீரங்கிகள். கீழ்த்தட்டில் இருந்தவை முப்பத்தாறு ராத்தல் குண்டுகளை எறிபவை. சுமார் எழுநூறு பேர் அதற்குள் தின்று, தூங்கி, நோயுற்றுக் கிடந்தார்கள். 1781 மார்ச்சில் சுஃப்ரேன் என்ற தளபதியை ஏற்றிக்கொண்டு பிரெஸ்ட் துறையிலிருந்து கிளம்பியது. வழியில் கேப் வெர்ட் தீவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் மீது பாய்ந்தது. அது நடுநிலை வகித்த போர்த்துகீசியத் துறை என்பது சுஃப்ரேனுக்குப் பொருட்டில்லை.

சோழமண்டலக் கரையில் அதன் ஊழியம் ஒன்றரை ஆண்டுதான். 1782 பிப்ரவரி 17 சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12 இலங்கையின் கிழக்குக் கரை. ஜூலை 6 நாகப்பட்டினம். செப்டம்பர் 3 திருகோணமலை. 1783 ஜூன் 20 கூடலூர். ஐந்து சண்டைகளிலும் எதிரே நின்றவர் ஒருவரே, ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ். ஐந்திலும் இரு தரப்பிலும் ஒரு போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. செத்தவர்கள் மனிதர்கள் மட்டும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் கரையில் சொந்தத் துறைமுகம் இல்லை. பாண்டிச்சேரி 1778லேயே கைவிட்டுப் போயிருந்தது. பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கினார்கள். சோறு, ஹைதர் அலியின் தயவிலும் பிடிபட்ட சரக்குக் கப்பல்களிலும் கிடைத்தது. ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பினால் திறந்த கரையில் நிற்க முடியாது. ஆகவே அந்த மழைக்காலத்தை சுமத்ராவின் அச்சேயில் கழித்தார்கள். திருகோணமலைச் சண்டையில் எரோவின் நடுப் பாய்மரமும் பின் பாய்மரமும் முறிந்து விழுந்தன. சில நாளில் ‘ஓரியான்’ என்ற தோழமைக் கப்பல் துறைமுக வாயிலில் தரைதட்டி அழிந்தது. அதன் மரங்களை எடுத்து எரோவுக்கு நட்டார்கள். வீரம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித் தச்சு வேலை.

இன்னொரு விஷயம். கடைசிச் சண்டையில் சுஃப்ரேன் எரோவில் இல்லை. தளபதி ஒரு சிறு கப்பலிலிருந்துதான் நடத்த வேண்டும் என்று அரச உத்தரவு. ‘கிளியோபாத்ரா’வில் நின்றபடி கொடிகாட்டினார். வீரன் என்ற பெயர் தாங்கிய கப்பல் வீரன் இல்லாமலே சண்டையிட்டது. அதைவிட விசேஷம், பிரான்சும் இங்கிலாந்தும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. காகிதம் கடல் கடந்து கூடலூர் வந்து சேர்ந்தது ஜூன் 29. இடையில் ஐந்து மாதம். ஜூன் 20இல் செத்தவர்கள் முடிந்துபோன யுத்தத்தில் செத்தார்கள்.

இந்த இடத்தில் சரித்திரப் புத்தகங்கள் கடலோடு கப்பலேறிப் போய்விடுகின்றன. நாம் கரையில் நிற்போம். கூடலூரில் ஆங்கிலேயருக்குத் துணையாகத் தெற்கிலிருந்து படையோடு போய்க்கொண்டிருந்தவர் கர்னல் ஃபுல்லார்ட்டன். சமாதானச் செய்தியால் அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. படை தெற்கே திரும்பியது. ஆகஸ்டில் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கரிசலில், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீது அவருடைய பீரங்கிகள் வெடித்தன. பிறகு சிவகிரி. வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வருவதற்குச் சில வருஷம் முந்திய சங்கதி இது. கோட்டைக்குள் ஃபுல்லார்ட்டனுக்கு ஒரு காகிதம் அகப்பட்டது: கொழும்பு டச்சுக்காரர்களுடன் பாளையம் செய்துகொண்ட உடன்படிக்கை. அந்த யுத்தத்தில் டச்சுக்காரர்கள் பிரான்சின் பக்கம். அப்படியானால் பாஞ்சாலங்குறிச்சியும் எரோவும் ஒரே அணி. ஒன்றையொன்று அறியாத கூட்டாளிகள். பாண்டிச்சேரியைத் திருப்பிக் கொடுக்க ஐரோப்பாவில் ஷரத்து எழுதினார்கள். பாளையத்துக்கு எந்த ஷரத்தும் இல்லை.

நம்மிடம் வீரர்களின் சரித்திரம் நிறைய இருக்கிறது. பிறந்தான், வென்றான், துரோகத்தால் வீழ்ந்தான் என்று அது ஒரே தாளத்தில் போகிறது. ஒரு கப்பலின் ஊழியக் கணக்குக்கு அந்தத் தாளம் கிடையாது. எங்கே நின்றது, எந்த மரம் முறிந்தது, எந்தக் காற்றுக்குக் காத்திருந்தது என்பதுதான் அதில் உண்டு. பாளையக்காரனையும் இப்படி எழுத முடியுமா? எந்தக் கண்மாய் வற்றியிருந்தது, கோட்டைக்குள் எத்தனை நாள் தானியம், காகிதம் கொழும்புக்கு எந்தத் துறை வழியாகப் போயிற்று என்று? எழுதினால் சிலைகள் கொஞ்சம் சிறுத்துப்போகும். பெயரில்லாமல் செத்தவர்களுக்குச் சற்று இடம் கிடைக்கும்.

ஹியூஸின் கப்பல் ‘சூப்பர்ப்’ அதே 1783 நவம்பரில் தலைச்சேரியருகே உடைந்தது. எரோ 1784இல் டூலோன் திரும்பியது. 1793 டிசம்பரில், நகரைக் காலிசெய்த ஆங்கிலேயர்களும் கூட்டாளிகளும் வைத்த தீயில், பிறந்த துறையிலேயே எரிந்தது. அப்போது சுற்றிலும் தண்ணீர்தான் இருந்தது.