தையலிட்ட மரக்கலம்

ஆணி அறையாது, பலகையோடு பலகையைக் கயிற்றினாலே தைத்து மரக்கலம் சமைக்கும் முறை இந்து சமுத்திரக் கரைகளிலே நெடுங்காலம் வழங்கிற்று. மரமும் கயிறும் கடலடியில் மட்கிவிடுவன. ஆதலின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய கலமொன்று ஓரளவு உருவோடு கிடைத்தல் பேரரிது.

1998ஆம் ஆண்டில் இந்தோனீசியாவின் பெலித்துங் தீவுக்கு அண்மையிலே, கடலட்டை தேடி மூழ்கியோர் பாண்டக் குவியலொன்றைக் கண்டனர். ஏறத்தாழ 60,000 பாண்டங்கள். பெரும்பாலானவை சீனத்துச் சாங்ஷாச் சூளைகளின் கிண்ணங்கள். அவற்றுள் ஒன்றிலே பொறித்திருந்த நாள் கி.பி. 826ஆம் ஆண்டிற்குரியது. பொற்கலங்களும் இருந்தன. சரக்கை மட்டும் நோக்குவோர் இதனைச் சீனக் கலமென்றே கொள்வர். பலகைகளோ அதற்கு இடந்தரவில்லை. அவற்றின் ஓரம் நெடுகத் துளைகள். துளைகளினூடே கயிற்றுத் தையல். பொருத்துவாயில் உள்ளும் புறமும் நார் அடைப்பு. இரும்பாணி ஒன்றேனும் இல்லை. அகழ்வில் ஈடுபட்ட மைக்கல் பிளெக்கர், இது அராபியக் கலம் அல்லது இந்தியக் கலம் என எழுதினார். பின்னர் மரத்தைச் சோதித்தபோது ஆபிரிக்க மரவகை வெளிப்பட்டது. அராபியக் கலமென்ற கருத்து வலுத்தது. தையல் நாரோ தென்கிழக்காசியாவினது எனக் கருதப்பட்டது. தையலிட்ட கலங்களை இடையிடையே பிரித்துத் தைத்தல் வேண்டும். இக்கலமும் கீழைத்தேசத் துறையொன்றிலே மறுதையல் பெற்றிருத்தல் கூடும்.

அகழ்வை நடத்தியது தனியார் கம்பனி. சரக்கு 2005இல் சிங்கப்பூருக்கு விற்கப்பட்டது. வாஷிங்டனிலே ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்தவிருந்த காட்சி, தொல்லியலாளரின் கண்டனத்தால் 2011இல் நிறுத்திவைக்கப்பட்டது. கொள்ளையர் கையிலிருந்து சரக்கைக் காத்தோமென்பது ஒரு சாரார் வாதம். அதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆயினும், கிண்ணம் எங்கிருப்பினும் தன் சூளையைக் காட்டும். தையலின் சான்று அது கிடந்த இடத்தோடு பிணைந்தது; அளந்து எழுதுமுன் கலைந்தால் மீளாது. விலைபோகும் பொருளை நாடும் அகழ்வில் முதலில் இழக்கப்படுவது விலைபோகாத கயிறேயாகும்.

எஞ்சிய அளவுகளைத் துணையாகக் கொண்டு ஓமான் நாட்டார் 18 மீற்றர் நீளக் கலமொன்றைச் சமைத்தனர். பலகைகள் தென்னந்தும்புக் கயிற்றினால் தைக்கப்பட்டன. 'மஸ்கற்றின் மணி' எனப் பெயர் பெற்ற அக்கலம் 2010 பெப்ரவரியிலே புறப்பட்டு, கொச்சியைத் தொட்டுக் காலித் துறையை அடைந்தது. ஆங்கு அதன் பாய்மரங்கள் மாற்றப்பட்டன. பினாங்கு வழியாக யூலையிலே சிங்கப்பூரைச் சேர்ந்தபோது தையல் குலையாதிருந்தது.