பாடப்புறச் செயல்களின் பெயர் வரலாறு

புதுப்பொருள் ஒன்று நாட்டிற் புகும்பொழுது அதன் பெயரும் உடன் புகுதல் இயல்பு. அப்பெயரை நாம் எவ்வாறு தமிழாக்கிக்கொண்டோம் என்பது, அப்பொருளை எவ்வாறு மதித்தோம் என்பதையும் காட்டிவிடும். பள்ளிகளிற் பாடவேளைக்குப் புறம்பாக நிகழும் ஆடல், பேச்சு, தொண்டு முதலியவற்றிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் தமிழில் அடைந்த வடிவங்களை மதுரைச் சூழலை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

1. பழைய வழக்கு

விளையாட்டின் பெயர்களில் தமிழுக்கு வறுமை இருந்ததில்லை. ஓரை, கழங்கு, வட்டு, பந்து என்பன பழைய நூல்களிற் பயில்வன. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நூலறிவு நிரம்பாது அவையிற் பேசுதலுக்குக் கட்டம் வரையாது வட்டாடுதலை வள்ளுவர் உவமையாக்கினார். ஆட்டத்திற்கும் வரையறை உண்டென்பதும், அது கல்விக்கு உவமையாகும் தகுதியுடைய தென்பதும் இதனாற் பெறப்படும்.

2. புது விளையாட்டுகள்

அமெரிக்கத் தொண்டர்கள் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினர். அவர்கள் 1881-இல் பசுமலையில் நிறுவிய கல்லூரியே பின்னர் நகர்க்கு வந்து அமெரிக்கன் கல்லூரி எனப் பெயர் விளங்கிற்று. கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் அமெரிக்க நாட்டுக் கிறித்தவ இளைஞர் சங்கங்களிற் பிறந்தவை. அச்சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அதனிற் பயின்ற ஆசிரியர் வாயிலாக இவ்வாட்டங்கள் பள்ளிதோறும் பரவின.

கால்பந்து, கூடைப்பந்து என்பன நேர் மொழிபெயர்ப்புகள். பொருள் விளங்குதலின் நிலைத்தன. கைப்பந்து என்பது வாலிபாலுக்கு வழங்கியமையால், கையால் எறிந்தாடும் ஹேண்ட்பாலுக்கு உரிய பெயர் முன்னரே பறிபோயிற்று. கிரிக்கெட் தமிழகத்தில் மட்டைப்பந்து எனவும், ஈழத்தில் துடுப்பாட்டம் எனவும் பெயர் பெற்றது. ஈழத்துச் சொல் செய்தித்தாளிலும் வானொலியிலும் வேரூன்ற, நம் சொல் ஏட்டளவில் நின்றது. தெருவில் ஆடும் சிறுவர் கிரிக்கெட் என்றே கூறுவர். நம் சடுகுடுவோ 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. ஆயின் கபடி என்னும் பெயரொடு அங்கே புகுந்தது.

3. பழஞ்சொல் புதுப்பொருள் பெற்றமை

சாரணர் என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் சமண முனிவரைக் குறிக்கும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளொடு மதுரை நோக்கி வரும் வழியில் அவரைக் காண்கின்றனர். ஒற்றர் என்னும் பொருளும் இச்சொற்கு உண்டு. ஸ்கௌட் என்னும் ஆங்கிலச் சொல்லும் படைக்கு முன் சென்று வேவு பார்ப்போனைக் குறித்ததே. பேடன் பவல் 1907-இல் தொடங்கிய இயக்கத்தை அன்னி பெசன்ட் அம்மையார் 1917-இல் சென்னையில் இந்தியர்க்கென அமைத்தார். அவ்வியக்கத்தார்க்குச் சாரணர் என்னும் பெயர் பொருந்தியமை சொல்லாக்கத்தின் நற்பேறு எனலாம்.

பட்டிமன்றமும் இவ்வினத்ததே. இரட்டைக் காப்பியங்கள் குறிக்கும் பட்டிமண்டபத்தின் வழித்தோன்றலாகிய இது, குன்றக்குடி அடிகளார் போன்றோர் முயற்சியாற் புத்துயிர் பெற்றது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சாலமன் பாப்பையா அவர்களால் வீடுதோறும் புகுந்தது. மாணவர் இதனை மொழிபெயர்ப்புச் சொல்லென ஒருபோதும் கருதார்.

4. குறையுடைய பெயர்கள்

ஹாபி என்பது ஆங்கிலத்தில் முதற்கண் சிறு குதிரையையும், பின் சிறுவர் ஏறியாடும் மரக்குதிரையையும் சுட்டி, இறுதியில் ஒருவர் விரும்பி மேற்கொள்ளும் செயலைக் குறித்தது. லாரன்ஸ் ஸ்டேர்ன் 1759 முதல் வெளியிட்ட புதினத்தில் மரக்குதிரை இப்பொருளில் வருதல் காண்க. விருப்பமே அச்சொல்லின் உயிர். தமிழிலோ அதனைப் பொழுதுபோக்கு என்கின்றோம். போக்குதல் கழித்தலாதலின் விருப்பம் மறைந்து வெறுங்காலமே எஞ்சுகின்றது. பல்லாண்டு முயன்று அஞ்சல்தலை திரட்டும் மாணவனும், வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பானும் ஒரு சொல்லில் அடங்குதல் முறையோ?

பாடப்புறச் செயல், கல்விசாராச் செயல் என்பவற்றின் குறை இதனினும் பெரிது. ஆங்கிலத்தாரே புறம் என்னும் கருத்தை விடுத்து, உடனிகழ்வது என்னும் பொருள்தரும் அடைக்கு மாறிவருகின்றனர். கல்விசாராச் செயல் என்று பெயரிட்டபின், தேர்வு நெருங்குங்கால் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கினால் தடுப்பதற்கு ஆசிரியர்க்குச் சொல் ஏது? பெயரே அதனைக் கல்வியின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டதன்றோ?

5. முடிபு

மாடு கட்டும் கயிறாகிய தாவணி, மாட்டுச் சந்தைக்குப் பெயராயிற்று. அவ்விடத்தில் 1999-இல் எழுந்த பேருந்து நிலையத்திற்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பெற்றும், மக்கள் வாயில் மாட்டுத்தாவணியே வழங்குகின்றது. ஆணையாற் சொல் வாழ்வதில்லை, நாவாலே வாழ்கின்றது என்பதற்கு மதுரையார்க்கு வேறு சான்று வேண்டா.

ஆதலின் ஆட்டப் பெயர்களைப் பற்றி நாம் பெரிதும் கவலற்க. கிரிக்கெட் என்பதாற் பெருங்கேடொன்றும் விளையாது. மதிப்பைச் சுமக்கும் சொற்களையே திருத்தல் வேண்டும். கல்விசாராச் செயலைப் பாட இணைச் செயல் எனவும், ஹாபியை விருப்பப்பணி எனவும் ஆசிரியர் வகுப்பறையில் நாள்தோறும் வழங்குவாராயின், அச்சொற்கள் மாணவர் நாவில் ஏறும். விளையாட்டு வேளையும் தனக்குரிய இடத்தைப் பெறும்.