கோடையில் எட்டிப் பார்க்கும் ஊர்

இங்கிலாந்துக்குப் போகிற நம்மவர்கள் லண்டனில் அரச மாளிகை, பிக் பென் எல்லாம் பார்த்து முடித்து, கையில் நாலு நாள் மிச்சம் இருந்தால், ரயிலைப் பிடித்து வடமேற்கே போய் இறங்கும் இடம் 'லேக் டிஸ்ட்ரிக்ட்'. ஏரி மாவட்டம்! பச்சை மலை, ஆட்டு மந்தை, கருங்கல் சுவர், நடுவே கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு வேடிக்கை என்னவென்றால், இத்தனை ஏரிகள் இருக்கிற மாவட்டத்தில் பெயரோடு 'லேக்' என்று ஒட்டிக்கொண்டிருப்பது பேசன்த்வைட் ஒன்றுதான். மற்றதெல்லாம் 'மியர்', 'வாட்டர்', இல்லையென்றால் 'டார்ன்'.

நீங்களும் போனால் வின்டர்மியரில் படகு சவாரி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் இல்லாத கிழக்குப் பக்கம் ஹாஸ்வாட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஏரியை ஒட்டியே ஒரு ஒற்றைச் சாலை போகும். போய்... அப்படியே முடிந்துவிடும். அதற்கு மேல் வண்டி போகாது, மலைதான். மழை பொய்த்த வருஷத்தில் அங்கே நின்று கீழே பார்த்தால், வற்றிய சேற்றுக்கு நடுவில் இரண்டு வரிசைக் கற்சுவர் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு. கொஞ்சம் தள்ளி, கல்லால் கட்டிய சின்னப் பாலம். ஏரிக்குள் தெரு எப்படி வந்தது? தெரு அங்கேயேதான் இருந்தது. ஏரிதான் வந்தது!

இந்தக் கதையைச் சொல்ல மான்செஸ்டருக்குப் போகவேண்டும். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோமே, அந்த அசல் மான்செஸ்டர். 19-ம் நூற்றாண்டில் பஞ்சாலைப் புகைபோக்கிகள் முளைக்க முளைக்க ஜனம் வந்து குவிந்தது. நெருக்கியடித்துக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள், நாறிப்போன ஆறு. 1832-ல் காலரா, 1849-ல் மறுபடியும் காலரா. நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஜான் பேட்மேன் என்கிற எஞ்சினீயர் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காக நீர்த்தேக்கங்கள் கட்டிக்கொடுத்தார். கட்டி முடிப்பதற்குள் அதுவும் பத்தாது என்றாகிவிட்டது. நகராட்சியின் கண் தொலைவில் இருந்த ஏரி மாவட்டத்தின் மீது விழுந்தது - தேர்ல்மியர் என்கிற குட்டி ஏரி மீது.

அணை கட்டி ஏரியை உயர்த்துவது, அங்கிருந்து 96 மைல் தூரத்துக்குக் கால்வாயும் குழாயுமாகப் போட்டுத் தண்ணீரை மான்செஸ்டருக்குக் கொண்டுவருவது. திட்டம் அவ்வளவுதான். கேட்டதும் கொதித்து எழுந்தார்கள் படித்தவர்கள். 1877-ல் எதிர்ப்பு இயக்கமே தொடங்கியது. அதில் முக்கியமானவர் ஜான் ரஸ்கின் - காந்திஜி 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் தந்தாரே, அந்தப் புத்தகத்தை எழுதியவர். அப்போது அவர் குடியிருந்ததே கோனிஸ்டன் ஏரிக்கரையில்தான். ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்த ஆக்டேவியா ஹில் அம்மையாரும் சேர்ந்துகொண்டார். 'இயற்கை அழகு என்பது நாட்டுக்கே சொந்தம், ஒரு ஊர் நகராட்சிக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?' என்பது இவர்கள் வாதம்.

'காலராவில் சாகிறவனுக்கு அழகு எதற்கு?' என்று எதிர்த்தரப்பு கேட்டிருந்தால் அதிலும் தப்பில்லை. ரஸ்கின் வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாதே!

1878-ல் சட்ட நுணுக்கம் ஒன்றில் மாட்டிக்கொண்டு மசோதா நின்றது. மறு வருஷமே ஜெயித்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் பழைய சாலையோரத்தில் ஒரு பாறையில் தங்கள் பெயரின் முதல் எழுத்துக்களைச் செதுக்கி வைத்திருந்தார்கள். (ஒருவர் கிராஸ்மியரில், இன்னொருவர் கெஸ்விக்கில். நடுவழியில் வந்து சந்தித்துக்கொள்வார்கள்.) புதுச் சாலை போட்டவர்கள் அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ரான்ஸ்லி என்கிற பாதிரியார் ஓடிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்கிக் குவித்து வைத்தார். 1984-ல் அவை கிராஸ்மியருக்கு வந்து சேர்ந்தன. இன்று வேர்ட்ஸ்வொர்த் மியூசியத்தின் பின்புறம் நீங்கள் பார்க்கலாம்.

1894-ல் தேர்ல்மியர் தண்ணீர் மான்செஸ்டரைத் தொட்டது. வழியில் ஒரு பம்ப்செட் கிடையாது! மைலுக்கு 20 அங்குலம் சரிவு. தண்ணீர் தானே ஓடி வந்தது. எஞ்சினீயர்களுக்கு சபாஷ் போடத்தான் வேண்டும். அந்தத் திறப்பு விழாவில் பிரார்த்தனை செய்தவர் யார் தெரியுமா? அதே ரான்ஸ்லி! விழுந்தவர்கள் பக்கமா, வென்றவர்கள் பக்கமா என்று அவரை எதில் சேர்ப்பது? ஏரியும் வேண்டும், ஏழைக்குத் தண்ணீரும் வேண்டும் என்று நினைத்த மனுஷர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வருஷம் அவரும் ஆக்டேவியா ஹில்லும் ராபர்ட் ஹன்டர் என்கிற வக்கீலும் சேர்ந்து 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்பை ஆரம்பித்தார்கள். இன்று ஏரி மாவட்டத்தில் கணிசமான நிலத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது அதுதான்.

மான்செஸ்டரின் தாகம் அடங்கியதா? அடங்கவில்லை. 1919-ல் ஹாஸ்வாட்டருக்குப் பார்லிமென்ட் அனுமதி கிடைத்தது. இந்தத் தடவை மூழ்கப்போவது ஒரு முழு கிராமம் - மார்டேல் கிரீன். சில பண்ணை வீடுகள், டன் புல் என்றொரு சத்திரம், குட்டித் தேவாலயம். சத்திரத்தில் வருஷா வருஷம் மேய்ப்பர்கள் கூடுவார்கள். வழிதவறி வந்த ஆடுகளை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடியும் கும்மாளமும்தான். இந்தச் சின்ன ஊருக்காக வாதாட ஒரு ரஸ்கின் இல்லை. ஏரியின் அழகுக்காகத் திரண்ட அளவுக்கு, ஏரிக்கரை மனுஷர்களுக்காகக் கூட்டம் திரளவில்லை என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

1935 ஆகஸ்ட் 18. தேவாலயத்தில் கடைசி ஆராதனை. உள்ளே 75 பேருக்குத்தான் இடம். வந்திருந்த மற்ற கூட்டமெல்லாம் வெளியே மலைச்சரிவில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டது. கார்லைல் பிஷப் வந்து முடித்து வைத்தார். கல்லறைத் தோட்டத்தில் இருந்த 97 உடல்களைத் தோண்டி எடுத்து, ஷாப் என்கிற பக்கத்து ஊரில் மறுபடி புதைத்தார்கள். செத்தவர்களுக்கும் குடிபெயர்ச்சி! வீடுகளை இடிக்கும் வேலை ராணுவத்தின் கைக்குப் போனது. வெடி வைத்துத் தகர்க்கிற பயிற்சிக்கு மார்டேல் வீடுகள் உதவின. தேவாலயத்துக் கற்கள் வீணாகவில்லை. ஏரியிலிருந்து தண்ணீரை வெளியே எடுக்கக் கரையில் ஒரு கோபுரம் கட்டினார்கள், அதற்குப் போயின. பிறகு நீர் 29 மீட்டர் ஏறியது. அவ்வளவுதான், மார்டேல் இல்லை.

ஆனால் 1976, 1984, 1995 என்று வறட்சி வந்தபோதெல்லாம் ஊர் வெளியே வந்தது. கார்கள் வரிசை கட்டி நின்றன. டெர்பிஷயரில் லேடிபோவர் நீர்த்தேக்கத்திலும் இதே கதை. அங்கே மூழ்கியது டெர்வென்ட், ஆஷாப்டன் என்று இரண்டு கிராமங்கள். டெர்வென்ட் தேவாலயக் கோபுரத்தை மட்டும் நினைவுக்காக விட்டுவைத்து, ஆட்கள் அதை நோக்கி நீந்தப் போகிறார்கள் என்று 1947 டிசம்பரில் வெடி வைத்து விட்டார்கள். 2018-ல் அங்கே நீர் இறங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் இடிபாடுகளில் கிறுக்கி வைத்தார்கள். ஒருவர் சேற்றில் புதைந்து மீட்புக் குழு வரவேண்டியதாயிற்று.

மூன்றாவது ரவுண்டு, 1962. மான்செஸ்டர் இந்த முறை கேட்டது அல்ஸ்வாட்டரை. பிரபுக்கள் சபையில் எழுந்து நின்றார் பர்க்கெட் பிரபு, வயது 78. நாஜிகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் பிரிட்டனின் மாற்று நீதிபதியாக இருந்தவர், பிறந்தது இந்த மண்ணில். பிப்ரவரி 8-ம் தேதி அவர் பேசி முடித்து ஓட்டெடுத்தபோது, 70-க்கு 36. தண்ணீர் எடுக்கும் பிரிவுகள் மசோதாவிலிருந்து தூக்கி எறியப்பட்டன. இரண்டே நாளில், 10-ம் தேதி, பர்க்கெட் இறந்துபோனார். அல்ஸ்வாட்டரை ஒட்டிப் பெயரில்லாமல் இருந்த ஒரு குன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இப்போதும் அல்ஸ்வாட்டரில் 1877-ல் மிதக்க விட்ட படகு ஒன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அணையும் கிடையாது, மூழ்கிய ஊரும் கிடையாது. மான்செஸ்டர் சும்மா விட்டுவிட்டதா என்றால், இல்லை. சில வருஷம் கழித்து வேறு வழி கண்டுபிடித்தார்கள். யார் கண்ணிலும் படாமல் பூமிக்கு அடியில் ஒரு பம்ப் நிலையம். அது உறிஞ்சும் தண்ணீர் சுரங்கம் வழியாக ஹாஸ்வாட்டருக்குப் போய், மார்டேல் தெருவின் மேல் கொஞ்ச நாள் தங்கிவிட்டு, பிறகு மான்செஸ்டருக்குக் கிளம்புகிறது.