நான்காம் இடம்: பால் எல்வ்ஸ்ட்ரோமின் நாற்பது ஆண்டுகள்

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் பந்தயங்கள் லாங் பீச் கடலில் நடைபெற்றன. அவற்றுள் டொர்னேடோ என்னும் இரட்டை உடல் படகுக்கான போட்டியும் ஒன்று. படகுக்கு இருவர். ஒருவர் சுக்கான் பிடிப்பார்; மற்றவர் பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து இறங்கும் கம்பியில் இடுப்புக் கச்சையை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் பதித்து, உடல் முழுவதையும் நீருக்கு மேலே கிடத்தி நிற்பார். டென்மார்க் படகில் சுக்கான் பிடித்தவருக்கு வயது 56. கம்பியில் தொங்கியவர் அவருடைய மகள், வயது 22. பெண்களுக்கெனத் தனிப் பாய்ப்படகுப் போட்டி ஒலிம்பிக்கில் அதுவரை இருந்ததில்லை. அது 1988-ல்தான் வந்தது. ஆகவே அந்த இளம்பெண் ஆண்களோடுதான் மோதவேண்டியிருந்தது. நியூசிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் பதக்கங்களைப் பெற்றன. தந்தையும் மகளும் நான்காவதாக வந்தனர்.

பதக்கப் பட்டியலைப் புரட்டுபவர் கண்ணில் இந்த நான்காம் இடம் படாது. அதே தந்தையின் பெயருக்கு எதிரே 1948, 1952, 1956, 1960 என அடுத்தடுத்து நான்கு தங்கங்கள் பதிவாகியிருக்கும்போது, நான்காம் இடத்தை யார் தேடப்போகிறார்கள்? ஆயினும் பால் எல்வ்ஸ்ட்ரோமின் நெடிய கடல்வாழ்வைப் படித்துப் பார்த்தபின் அதன் உச்சி லாங் பீச்சில்தான் இருக்கிறது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நேப்பிள்ஸில் கிடைத்த நான்காவது தங்கத்தைக்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்போம். ஏன் அப்படி நினைக்கிறோம் என்பதைச் சொல்ல, சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

எல்வ்ஸ்ட்ரோம் 1928 பிப்ரவரி 25-ஆம் நாள் பிறந்தார். ஊர், கோபன்ஹேகனை ஒட்டிய ஹெல்லெரப். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையே ஓடும் ஓரசுண்ட் நீரிணையின் கரை அது. நீர் குளிர்ந்தது, காற்று நிலையற்றது, அலை குட்டையானது, முரட்டுத்தனமானது. சிறுபடகு ஓட்டப் பழகும் பையனுக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது.

இருபது வயதில் அவர் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். படகுப் போட்டிகள் டார்கீ நகரக் கடலில் நடந்தன. தனியாள் போட்டிக்கு இங்கிலாந்தில் உஃபா ஃபாக்ஸ் வரைந்த ஃபயர்ஃபிளை என்ற பன்னிரண்டு அடிப் படகு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இருவர் ஓட்டுவதற்கென்று உருவான படகை அங்கே ஒருவர் ஓட்டவேண்டும். 21 படகுகள், ஏழு பந்தயங்கள். மிக மோசமான ஒன்றைக் கழித்து ஆறைக் கணக்கில் கொள்வர். முதல் பந்தயத்தை எல்வ்ஸ்ட்ரோம் முடிக்கவே இல்லை. கழிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு முதல் நாளிலேயே போயிற்று.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அந்நாளில் புள்ளிகளை மடக்கையைக் கொண்டு கணக்கிட்டனர். 21 படகுகள் ஓடினால் முதலிடத்துக்கு 1423 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 1122, மூன்றாமிடத்துக்கு 946. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே 301 புள்ளி இருக்க, பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே 41-தான். ஒழுங்காக எல்லாவற்றிலும் நான்காவது, ஐந்தாவது என்று வந்துகொண்டிருப்பவரை இந்தக் கணக்கு கைவிட்டுவிடும், வெல்பவரைத் தூக்கிவிடும். எல்வ்ஸ்ட்ரோம் கடைசி இரண்டு பந்தயங்களையும் வென்றார். இறுதியில் அவருக்கு 5543. அமெரிக்கர் ரால்ஃப் எவன்ஸுக்கு 5408. இடைவெளி 135. அந்தக் கடைசிப் பந்தயத்தில் ஒரே ஒரு படகு அவரை முந்தியிருந்தால் 301 குறைந்து, தங்கம் கைநழுவியிருக்கும். நான்கு தங்கங்களின் வரிசை அத்தனை மெல்லிய நூலில் தொடங்கியது.

அடுத்து வந்த தங்கங்களில் இந்தப் பதைப்பு இல்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்காக ஸ்வீடனைச் சேர்ந்த ரிக்கார்ட் சார்பி ஃபின் என்னும் புதிய தனியாள் படகை வடிவமைத்தார். நாலரை மீட்டர் நீளம், ஒற்றைப் பாய், கனமான உடல், ஓட்டுபவனின் தொடைகளைச் சோதிக்கும் படகு. வடிவமைத்த சார்பியும் போட்டியிட்டு வெண்கலம் பெற்றார், தங்கம் எல்வ்ஸ்ட்ரோமுக்கு. அவருக்கு 8209 புள்ளி, வெள்ளி பெற்ற இங்கிலாந்தின் சார்ல்ஸ் கரிக்கு 5449. ஒரு பந்தயத்தில் ஈட்டக்கூடிய மிகுதியான புள்ளியைவிடவும் பெரிய இடைவெளி அது. 1956-ல் மெல்போர்னில் ஏழில் ஐந்து பந்தயங்கள் அவருடையவை.

இப்போட்டிகளில் படகுகளை அமைப்பாளர்களே தந்தனர். எனவே பணம் கொடுத்து வேகத்தை வாங்க முடியாது. பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

சிறுபடகில் காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒருபுறம் சாய்கிறது. சாய்ந்த படகு மெதுவாகும். அதை நிமிர்த்த ஓட்டுபவனின் எடையைத் தவிர வேறெதுவும் இல்லை. படகின் தளத்தில் கட்டிய வாரில் கால்களைச் செருகி, விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்கவேண்டும். அக்காலத்தில் பெரும்பாலோர் விளிம்பில் அமர்ந்து சற்றே பின்சாய்வதோடு நிறுத்திக்கொண்டனர். எல்வ்ஸ்ட்ரோம் முழங்காலிலிருந்து தலைவரை வெளியே நீட்டித் தொங்கினார். பந்தயம் முடியும்வரை அப்படியே தொங்கினார். இதற்காகத் தம் வீட்டில் படகின் விளிம்பைப் போன்ற ஒரு பலகையை அமைத்து, அதில் தொங்கிப் பழகினார். பாய்ப்படகு ஓட்டுதலைச் செல்வர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக எண்ணியிருந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் பட்டிருக்கும். விளையாட்டு வீரன் ஒருவன் உடலைப் பழக்குவதுபோல் படகோட்டியும் பழக்கவேண்டும் என்பது இன்று பாலபாடம். அந்தப் பாடத்தை எழுதியவர்களுள் முதல்வர் அவர்.

கை சும்மா இராத மனிதரும்கூட. படகுக்குள் புகும் நீரை வெளியேற்ற அவர் உருவாக்கிய சிறு பொறி அவர் பெயராலேயே வழங்குகிறது. படகின் அடியில் ஆப்புப்போல் அது நீட்டிக்கொண்டிருக்கும். படகு வேகமெடுக்கும்போது அதன் பின்புறம் அழுத்தம் குறைய, உள்ளிருக்கும் நீர் தானாகவே உறிஞ்சி வெளியேற்றப்படும். கோப்பையால் நீர் இறைக்கக் கை ஓய்வில்லாத தனியாள் ஓட்டிக்கு இது எத்தகைய வரம் என்பதை விளக்கவேண்டியதில்லை. பாயின் அடிக்கழி மேலெழாமல் இழுத்துப் பிடிக்கும் கயிற்றைப் பரவலாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1954-ல் பாய் தைக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பந்தய விதிகளை விளக்கி அவர் எழுதிய கையேடு, மேசைமீது நகர்த்திப் பார்த்துக்கொள்ளச் சிறு பிளாஸ்டிக் படகுகளோடு விற்பனைக்கு வந்தது. விதிகள் மாறுந்தோறும் அந்நூலும் திருத்தப்பட்டு, அவர் பெயரோடே வெளிவந்தது. விதிப்புத்தகத்தைப் பொம்மையோடு சேர்த்து விற்கத் தோன்றிய மனம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. 1960-ல் நேப்பிள்ஸுக்கு வந்தபோது அவருக்கு வயது 32. மூன்று தங்கங்கள் முதுகில் ஏறியிருந்தன. அவர் தோற்றால் அது செய்தி. வென்றால் எதிர்பார்த்ததுதான் என்பார்கள். மனத்தின் இறுக்கம் உடலையும் வருத்தியது. கடைசிப் பந்தயத்துக்கு முன்பே தங்கம் உறுதியாகிவிட்டிருந்தது. அந்தப் பந்தயத்தில் அவர் படகை இறக்கவில்லை. தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்குகளில் தனிநபர் தங்கம் வென்றவர் அவருக்குமுன் ஒருவரும் இல்லை. அப்படியொரு சாதனையின் கடைசி நாளில் சாதனையாளர் கடலில் இல்லை என்பது, வெற்றியைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கதைகளில் சேராது.

அதோடு நின்றிருந்தால் இது வேறொரு வகைக் கட்டுரையாக இருந்திருக்கும். அவர் படகைவிட்டு இறங்கிவிடவில்லை. ஃபிளையிங் டச்மேன், ஸ்டார், சோலிங் என்று ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவி, ஒவ்வொன்றிலும் உலகப் பட்டம் பெற்றார். ஸ்டாரில் மட்டும் 1966, 1967 என இருமுறை. ஒரே படகில் தேர்ந்து அதிலேயே ஆயுள் முழுதும் வெல்வோர் உண்டு. புதிதாய் ஒரு படகில் ஏறி, அதன் குணத்தை அடியிலிருந்து கற்று, மறுபடி மாணவனாகும் பொறுமை சிலருக்கே வாய்க்கும். ஒலிம்பிக் அவருக்கு அதன்பின் கனியவில்லை. 1968-ல் மெக்சிகோவின் அக்கபுல்கோவில் ஸ்டார் வகுப்பில் நான்காவது. 1972-ல் கீல் நகரில் சோலிங் வகுப்பில் பதின்மூன்றாவது. போட்டியாளர்களின் மதிப்பை இழந்து பெறுவது வெற்றியே ஆகாது என்ற கருத்து அவருடையதாகப் படகோட்டிகளிடையே வழங்கிவருகிறது. நான்கு தங்கம் பெற்றவர் சொன்னதால் அது எடுபட்டது என்று சிலர் கருதலாம். வெல்லாத ஆண்டுகளிலும் திரும்பத் திரும்பக் கடலுக்கு வந்தவர் சொன்னதால் எடுபட்டது என்பது எங்கள் எண்ணம்.

கீலுக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஒலிம்பிக்கில் அவர் இல்லை. அவருக்கு நான்கு பெண்மக்கள். நேப்பிள்ஸுக்கு இரண்டாண்டு கழித்து, 1962-ல் பிறந்தவர் த்ரீனே. தந்தையின் தங்கங்களில் ஒன்றையும் கண்ணால் கண்டிராத மகள். அவரோடுதான் 1984-ல் எல்வ்ஸ்ட்ரோம் திரும்பிவந்தார்.

அவர்கள் ஏறிவந்த டொர்னேடோவைப் பற்றி ஒரு சொல். இருபதடி நீளமுள்ள அந்தப் படகை ஆங்கிலத்தில் குறிக்கும் பொதுப்பெயர் நம்முடைய கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனது. பொருள் மட்டும் வழியில் மாறிவிட்டது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவைக்கும், இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த இப்படகுக்கும் அமைப்பில் உறவில்லை. இரட்டை உடல் பசிபிக் தீவினரின் மரபு. ஆயினும் டென்மார்க்குத் தந்தையும் மகளும் கலிபோர்னியக் கடலில் ஏறிநின்றது ஒரு தமிழ்ச்சொல்லின்மீது என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

ஃபின் படகில் அவர் தனியே தொங்கினார். இங்கே தொங்கியவர் மகள். சுக்கானைப் பிடித்திருப்பவர் ஒரு கணம் பிசகினால் கம்பியிலிருப்பவர் வீசியெறியப்படுவார். கம்பியிலிருப்பவர் ஒரு கணம் தாமதித்தால் படகே கவிழும். நேப்பிள்ஸில் தனியாகச் சுமக்கவேண்டியிருந்ததை இங்கே இருவர் பகிர்ந்துகொண்டனர். பாதி வயதுக்காரர்கள் ஓட்டும் வேகப்படகில் 56 வயதில் உலகின் நான்காவது என்பது எந்த அளவையிலும் பெரிது.

1988-ல் இருவரும் மீண்டும் வந்தனர். சியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசானில் நடந்தன. தந்தைக்கு 60, மகளுக்கு 26. பதினைந்தாம் இடம். அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக். அதே கடலில் பஹாமாஸைச் சேர்ந்த டர்வர்ட் நோல்ஸும் போட்டியிட்டார். அவருக்கும் அது எட்டாவது, வயதோ எழுபது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் டார்கீ கடலில் இருவருமே இருந்தனர். 1964-ல் தங்கம் பெற்றவர் நோல்ஸ். அந்த இரு முதியவர்களும் பூசான் துறையில் எதிர்ப்பட்டு என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான் இருக்கும்.

2012-ல் இங்கிலாந்தின் பென் ஐன்ஸ்லி தம் நான்காவது தங்கத்தை வென்று, முன்பு பெற்ற ஒரு வெள்ளியையும் சேர்த்து எல்வ்ஸ்ட்ரோமின் கணக்கைத் தாண்டினார். வென்றது எல்வ்ஸ்ட்ரோமின் அதே ஃபின் படகில். முதல் நாளிலிருந்து முன்னணியில் நின்று, கடைசிவரை ஐன்ஸ்லியைத் திணறடித்து வெள்ளி பெற்றவர் டென்மார்க்கின் யோனாஸ் ஹோக்-கிறிஸ்டென்சன். எல்வ்ஸ்ட்ரோமுக்கு அப்போது 84 வயது. 2016 டிசம்பர் 7-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஃபின் படகு 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது.