தீர்ப்பில்லா வழக்கும் தீராக் கதையும்: சிங்கப்பூர்க் கொலை வழக்கொன்று எழுப்பும் அறவினாக்கள்

முன்னுரை

மீனவர் குடியிருப்புகளும் பண்ணைகளும் நிறைந்திருந்த செங்காங், 1990களின் பிற்பகுதியில் அடுக்குமாடி நகராக உருப்பெற்றது. 2003 ஜூன் 20இல் தொடங்கப்பெற்ற வடகிழக்கு ரயில் தடம், அந்நகரைத் தேக்கா வட்டாரத்தோடு நேரடியாக இணைத்தது. அத்தடத்தில் லிட்டில் இந்தியா நிலையத்திற்கு அடுத்து வருவது டோபி காட். அதன் அருகில் ஆர்ச்சர்ட் சாலை பிரெஸ்பிடேரியன் தேவாலயம் அமைந்துள்ளது. 1984 டிசம்பர் 12இல் தமிழர் ஒருவர் அத்தேவாலய வளாகத்தில் கொல்லப்பட்டார் என்பதே பின்னாளில் எழுந்த குற்றச்சாட்டு. இன்று ரயிலில் அமர்ந்து கைப்பேசி வழியாக உண்மைக் குற்றக் கதைகளைக் கேட்டுச் செல்வோர் பலர். அத்தகைய கதைகளுள் பன்முறை சொல்லப்பட்ட இவ்வழக்கைச் சான்றாகக் கொண்டு, நிகழ்ந்த குற்றத்தைக் கதையாக்குவதில் உள்ள அறவினாக்களை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

தமிழ் மரபில் குற்றக்கதை

குற்றத்தைக் கதையாக்கி நுகரும் வழக்கம் மேலைநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தமிழகத்தில் ‘கொலைச்சிந்து’ என்னும் மலிவுப் பதிப்புகள் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் பாடி விற்கப்பட்டன. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்னும் தம் நூலில் இவ்வகை வெளியீடுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். செய்தித்தாள் எட்டாத மக்களுக்குச் செய்தியாகவும் அறவுரையாகவும் இவை பயன்பட்டன. ஆயினும், பாடுவோர் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

இதன் விளைவை 1944ஆம் ஆண்டு இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் காணலாம். பிறர் அந்தரங்கத்தை அச்சேற்றி இதழ் நடத்தியவரே அவ்வழக்கிற் கொலையுண்டவர். தண்டிக்கப்பட்ட எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் பிரிவி கவுன்சில் வரை முறையிட்டு 1947இல் விடுதலை பெற்றனர். சட்டம் அவர்களை விடுவித்தது. கதையோ அவர்களை விடவில்லை. இன்றும் அவ்வழக்கைக் குறிப்பிடுவோர் அவர்கள் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகின்றனர்.

வழக்கின் வரலாறு

சிங்கப்பூர் வழக்கில் 1987 மார்ச்சில் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அனைவரும் காணாமற்போனவரின் மனைவியும் மனைவியின் உறவினருமாவர். உடலைச் சிதைத்துச் சமைத்துக் குப்பைத் தொட்டிகளில் எறிந்தனர் என்பது அவர்கள் மீதான குற்றச்சாட்டு. உடல் கிடைக்கவில்லை, கொலைக்கருவியும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் விசாரணை தொடங்கவிருந்த நிலையில், போதிய சான்று இன்மையால் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அவ்விடுவிப்பு, குற்றமற்றவர் என்னும் தீர்ப்புக்கு இணையானதன்று. புதிய சான்று கிடைப்பின் வழக்கு மீண்டும் தொடரப்படலாம். ஆடவர் மூவர் குற்றவியல் சட்டத்தின் தற்காலிக விதிகளின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டு, 1991இல் வெளிவந்தனர்.

உடல் கிடைக்காமை மட்டுமே ஒரு வழக்கை வீழ்த்துவதில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1963இல் சிஸ்டர்ஸ் தீவுகளுக்கு அருகே பெண்ணொருவர் கடலில் மறைந்தார். அவ்வழக்கில் சன்னி ஆங் என்பவர் 1965இல் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 1967இல் தூக்கிலிடப்பட்டார். அங்குச் சான்றுகளின் சங்கிலி நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. இங்கோ அச்சோதனையே நிகழவில்லை. ஆகவே, அறுவரும் கொலைஞர் எனச் சொல்லவும் இயலாது. அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது எனவும் சொல்ல இயலாது.

பெயரும் பழியும்

வரலாறு வெற்றிடமாக விட்டதைக் கதை நிரப்பிவிடுகின்றது. ‘சொல்லப்படுகின்றது’ என்னும் சொல் முதற்கூற்றில் இடம்பெறும். மூன்றாம் கூற்றில் மறைந்துபோகும். குற்றச்சாட்டில் இருந்த ‘சமைத்தல்’ நிகழ்ந்த செயலாகவே வருணிக்கப்படும். இவ்வழக்கு மக்கள் வழக்கில் ‘கறிக் கொலை’ எனப் பெயர்பெற்றதும் கருதத்தக்கது. ஒரு மனிதரின் மறைவு ஓர் உணவின் பெயரால் நினைக்கப்படுகின்றது. அவ்வுணவு சிறுபான்மைச் சமூகம் ஒன்றன் அடையாளமாகவும் இருப்பதால், அப்பெயரில் அச்சமும் ஏளனமும் ஒருங்கே கலந்துள்ளன. இக்காரணம் பற்றியே அப்பெயரை நாம் இங்கு ஒருமுறைக்கு மேல் ஆளவில்லை; தொடர்புடையோர் பெயர்களையும் விடுத்துள்ளோம்.

இறந்தவருக்குத் தீங்கிழைக்க இயலுமா என்னும் வினாவை அரிஸ்டாட்டில் தம் அறநூலில் எழுப்பியுள்ளார். அதற்கு எவ்விடை கூறினும், உயிரோடு இருப்போருக்குத் தீங்கு நேரும் என்பதில் ஐயமில்லை. மறைந்தவரின் உற்றார் உளர். விடுவிக்கப்பட்டோரின் குடும்பத்தாரும் உளர். இவ்விரு சாராரும் கதை சொல்லப்படும்போதெல்லாம் இசைவு கேட்கப்படாமலே அதற்குள் இழுக்கப்படுகின்றனர்.

அவ்வாறாயின் வாளாவிருத்தலே அறமோ எனின், அன்று. ஆராயாது வழங்கப்பட்ட தீர்ப்பின் கொடுமையை நமக்கு உணர்த்திய சிலப்பதிகாரமும் ஒரு குற்றச்சாட்டின் கதையே. கோவலன்மீது சுமத்தப்பட்ட பழியை எவரும் பாடாது விட்டிருந்தால் பாண்டியன் அவையின் பிழை மறைந்தே போயிருக்கும். அவ்வாறே, விசாரணையின்றித் தடுத்து வைத்தல் முறையா என்னும் வினாவை நாம் எழுப்புவதற்கும் இவ்வழக்கு சொல்லப்பட வேண்டியுள்ளது. சிலம்பு கேட்போரைத் தீர்ப்பின் தகுதியை எடைபோடச் செய்கின்றது. தேவாலயச் சமையற்கட்டை மட்டுமே காட்டும் கதையோ கேட்போரையே தீர்ப்பு வழங்குவோராக்கி, சான்றுக்குரிய இடத்தில் அருவருப்பை வைக்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், குற்றக்கதையின் அறம் அதன் பொருளில் மட்டும் இல்லை, சொல்லும் முறையிலும் உண்டு என்பது பெறப்படும். மெய்ப்பிக்கப்பட்டது எது, சாட்டப்பட்டது எது எனக் கதையின் இறுதிவரை பிரித்துக் காட்டுவது எழுதுவோரின் முதற்கடன். பெயர்களை நீக்கிய பின்னரும் அக்கதைக்குப் பயன் எஞ்சுகின்றதா எனத் தம்மையே வினவிக்கொள்வது அடுத்தது. கேட்போருக்கும் ஒரு கடன் உண்டு. 1987இல் நீதிமன்றம் போதிய சான்று இன்மையால் நிறுத்திய இடத்திலேயே தம் முடிவையும் நிறுத்திக்கொள்ளும் பொறுமையே அக்கடனாகும்.