சாய்நாத், பி.

சென்னையில் 1957-இல் பிறந்த இதழாளர். ஊரக வறுமை, கூலி உழைப்பு, பிழைப்பு தேடிய இடப்பெயர்வு ஆகியவற்றையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். மும்பை ‘பிளிட்ஸ்’ வார இதழின் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, 1993-இல் நாட்டின் மிக வறிய மாவட்டங்களுக்குப் புறப்பட்டார். புதுக்கோட்டையும் இராமநாதபுரமும் அவற்றில் அடங்கும். அங்கிருந்து எழுதிய கட்டுரைகள் 1996-இல் நூலாயின. மகபூப்நகரிலிருந்து மும்பைக்கு வாரம் ஒன்றாக ஓடிய பேருந்து பத்தே ஆண்டுகளில் பலமடங்கு பெருகியதைக் கொண்டு, வேளாண்மை நொடித்து ஊர்கள் காலியாவதைக் காட்டினார். எந்தப் புள்ளிவிவர அட்டவணையைவிடவும் உறைக்கும் சான்று அது. ‘தி இந்து’வின் ஊரக விவகார ஆசிரியராக விதர்ப்பா உழவர் தற்கொலைகளை இடைவிடாது எழுதினார். மகசேசே விருது 2007-இல் கிடைத்தது. 2014-இல் இவர் தொடங்கிய ‘பாரி’ இணைய ஆவணகம் தமிழிலும் வெளியாகிறது.